நாய்க்கு இதயப்புழுத் தடுப்பு: எங்கே தொடங்குவது, எங்கே ஏமாறாமல் இருப்பது

புதிதாக நாய் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். குடற்புழுவுக்கு மாத்திரை கொடுத்திருப்பார்கள், உண்ணிக்கும் ஏதாவது வாங்கிப் போட்டிருப்பார்கள். "இதயப்புழுவுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால்தான் அட்டையை முன்னும் பின்னும் புரட்டத் தொடங்குவார்கள். கொசுக்கடி வழியாக நாயின் உடம்புக்குள் நுழைந்து, வளர்ந்து, இதயத்தில் குடியேறும் புழு அது. வளர்ந்த நாய் ஒன்றைத் தத்தெடுத்தபோது என் நிலையும் அப்படித்தான். மருந்துக் கடையில் ஒன்று சொன்னார்கள், மருத்துவமனையில் வேறொன்று சொன்னார்கள், பெட்டியில் இன்னொன்று அச்சாகியிருந்தது. எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தெளிவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் போகும்முன் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியதும், வீடு திரும்பியபின் தவறவிடக் கூடாததும்தான் கீழே இருக்கின்றன.

1. முதலில் மருந்தின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

மாதாந்திர மாத்திரை வரப்போகும் மாதத்துக்கான கவசம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பின்னோக்கி வேலை செய்கிறது. கடந்த ஒரு மாதத்தில் கொசுக்கடி வழியாக உடம்புக்குள் வந்த இளம்புழுக்களை அது கொல்கிறது. இன்று கொடுத்த மாத்திரை நாளை கடிக்கப்போகும் கொசுவை ஒன்றும் செய்யாது. அந்தக் கடியில் வந்ததை அடுத்த மாத மாத்திரைதான் கவனிக்கும்.

இதற்குக் காரணம் புழுவின் வளர்ச்சிதான். நோயுள்ள நாயின் ரத்தத்தில் இதயப்புழுவின் குஞ்சுகளான நுண்புழுக்கள் சுற்றிக்கொண்டிருக்கும். கொசு அந்த ரத்தத்தைக் குடித்தபின், வெப்பமான காலநிலையில் சுமார் இரண்டு வாரத்தில் அவை அடுத்த நாயைத் தொற்றக்கூடிய இளம்புழுக்களாகின்றன. கொசு கடிக்கும்போது தோலுக்குள் இறங்கி, சில நாட்களிலேயே அடுத்த நிலைக்கு மாறுகின்றன. இந்த இரண்டு நிலைகளிலும் தடுப்பு மருந்து அவற்றைக் கொன்றுவிடும். 50 முதல் 70 நாட்களுக்குள் அவை இன்னொரு முறை தோலுரித்து இளம் முதிர்புழுக்களாகிவிட்டால், தடுப்பு மருந்தை நம்ப முடியாது. ஆறேழு மாதத்தில் முழு வளர்ச்சி அடைந்து, நுரையீரல் தமனிகளிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் குடியேறிவிடும். பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும். நாயின் உடம்பில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

30 நாள் இடைவெளி இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும், பரிசோதனைக்கு ஏன் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டால் தானே விளங்கிவிடும்.

ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு நேரடியாக இது தொற்றாது. நடுவில் கொசு வேண்டும். அதனால் பக்கத்து வீட்டு நாய்க்கு இதயப்புழு என்று கேள்விப்பட்டு உங்கள் நாயை அதனிடமிருந்து பிரித்து வைப்பதில் பயனில்லை. "என் நாய் வீட்டை விட்டே போகாது" என்பதும் பாதுகாப்பு ஆகாது. கொசு வீட்டுக்குள்ளும் வரும்.

2. மருந்துக்கு முன் ரத்தப் பரிசோதனை

ஏழு மாதத்துக்குக் குறைவான குட்டி என்றால் பரிசோதனை இல்லாமலே தொடங்கலாம். உடம்பில் முதிர்புழு இருப்பதற்கான வயதே அதற்கு வரவில்லை. எட்டு வார வயதுக்குள் முதல் வேளையைத் தொடங்கிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்து ஒரு பரிசோதனை, அதற்கு ஆறு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை.

ஏழு மாதத்தைத் தாண்டிய நாய்க்கு, குறிப்பாக முன்கதை தெரியாத நாய்க்கு, முதலில் பரிசோதனை. ஏற்கெனவே ரத்தத்தில் நுண்புழுக்கள் நிறைந்திருக்கும் நாய்க்குச் சில தடுப்பு மருந்துகளைக் கொடுத்தால், அவை ஒரே நேரத்தில் கூட்டமாகச் செத்து அதிர்ச்சி நிலையை உண்டாக்கக்கூடும். மில்பமைசின் விஷயத்தில் இந்த எச்சரிக்கை அதிகம்.

பரிசோதனை இரண்டு வகை. இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆன்டிஜென் பரிசோதனை: முதிர்ந்த பெண் புழு வெளிவிடும் ஒரு புரதத்தைத் தேடுவது. சில துளி ரத்தம் போதும். பெரும்பாலான மருத்துவமனைகளில் சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும். உண்ணிக் காய்ச்சல்களையும் சேர்த்தே காட்டும் கருவிகள் உண்டு. உண்ணித் தொல்லை உள்ள நாய் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள், ஒரே குத்தலோடு போகும்.

நுண்புழுப் பரிசோதனை: ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது. ரத்தத்தில் நுண்புழு தெரிந்தால் அது இதயப்புழுவினுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தோலுக்கடியில் வாழும் டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ் என்ற உறவுக்காரப் புழுவின் குஞ்சுகளும் ஏறத்தாழ அதேபோலத்தான் இருக்கும். "புழு இருக்கிறது" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வராதீர்கள். எந்தப் புழு, ஆன்டிஜென் முடிவு என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

'இல்லை' என்று வந்த முடிவிலும் கவனம் வேண்டும். கடைசி ஐந்தாறு மாதத்தில் தொற்றியிருந்தால் பரிசோதனைக்கு அது தெரியாது. ஆண் புழு மட்டும் இருந்தாலும் ஆன்டிஜென் பரிசோதனை காட்டாது. ஆகவே தத்தெடுத்த நாய்க்கு இன்று ஒரு பரிசோதனை, ஆறு மாதம் கழித்து மறுபடி ஒன்று என்பது இரட்டைச் செலவு போலத் தோன்றினாலும், இரண்டாவதுதான் உண்மையான பதிலைத் தரும்.

3. பெட்டியின் பெயரை நம்பாதீர்கள், மூலப்பொருளைப் படியுங்கள்

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இதயப்புழுவைத் தடுக்கும் மூலப்பொருள்களாக நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை நான்குதான்: ஐவர்மெக்டின், மில்பமைசின் ஆக்சைம், மாக்சிடெக்டின், செலமெக்டின். நான்கும் ஒரே குடும்பம். பெட்டியின் பின்புறம் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும், இதயப்புழுத் தடுப்புக்கு என்ற குறிப்பும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு எதற்கோ ஆன மருந்து.

சாதாரண குடற்புழு மாத்திரையில் பெரும்பாலும் பிரசிகுவான்டெல், பைரன்டெல், ஃபெபன்டெல் போன்றவை இருக்கும். வயிற்றுப் புழுவுக்கு நல்ல மருந்துகள்தான். இதயப்புழுவை ஒன்றும் செய்யாது. "புழு மாத்திரை தவறாமல் கொடுக்கிறேனே" என்பவர்களில் பலர் கொடுப்பது இதைத்தான். கடைக்காரரிடம் வெறுமனே "புழு மாத்திரை" என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்.

உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் குழப்பம் இன்னும் அதிகம். ஒரே நிறுவனம், ஒரே வண்ணப் பெட்டி, பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். நெக்ஸ்கார்டில் இருப்பது அஃபாக்சோலனர் மட்டும். அது உண்ணிக்கும் தெள்ளுக்கும். நெக்ஸ்கார்டு ஸ்பெக்ட்ராவில்தான் மில்பமைசின் சேர்கிறது. சிம்பாரிகாவும் உண்ணி, தெள்ளுக்கு மட்டும். சிம்பாரிகா ட்ரையோவில் மாக்சிடெக்டின் உண்டு. முதுகில் விடும் சொட்டு மருந்திலும் இதே கதை: அட்வகேட்டில் மாக்சிடெக்டின் இருக்கிறது, அட்வான்டிக்ஸில் இல்லை. மருத்துவர் எழுதிய பெயரின் கடைசிச் சொல் வரை பார்த்து வாங்குங்கள். "அது இல்லை, ஆனால் அதே கம்பெனிதான்" என்று வேறு பெட்டியைத் தந்தால் மூலப்பொருளைப் பார்க்காமல் கையில் வாங்காதீர்கள்.

அடுத்த பொறி, மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் ஐவர்மெக்டினை நாய்க்குப் பயன்படுத்துவது. விலை மலிவு, பெயரும் ஒன்று, அதனால் ஆலோசனை சொல்லப் பலர் இருப்பார்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நாய்க்கு இதயப்புழுத் தடுப்புக்கு வேண்டியது ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம். பத்துக் கிலோ நாய்க்கு 0.06 மில்லிகிராம். கால்நடை ஊசி மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் இருக்கும். அப்படியென்றால் அந்த நாய்க்குத் தேவை 0.006 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சில் மிகச் சிறிய கோடே 0.01தான். அளக்கவே முடியாததைக் கையால் கொடுத்தால் பல மடங்கு கூடிப்போவது சுலபம். காலி (Collie) போன்ற மேய்ப்பு இன நாய்களில் பலவற்றுக்கு மரபணு மாற்றம் ஒன்று உண்டு. அவற்றில் ஐவர்மெக்டின் மூளைக்குள் தங்கிவிடும். தடுப்புக்கான சிறிய அளவு அவற்றுக்கும் பாதுகாப்பானதுதான். அளவு கூடினால் தள்ளாட்டம், பார்வை இழப்பு, மயக்கம், சாவு வரை போகலாம். கலப்பின நாயின் மூதாதையர் யாரென்று யாருக்குத் தெரியும்?

4. மாத்திரையா, சொட்டு மருந்தா, ஊசியா

மாதாந்திர மாத்திரை: பெரும்பாலும் மென்று தின்னும்படி சுவையூட்டியிருக்கும். கொடுப்பது எளிது, தேதி மறப்பதும் எளிது.

சொட்டு மருந்து: மாத்திரையைத் துப்பும் நாய்க்கு ஏற்றது. தோள்பட்டைகளுக்கு நடுவே மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். மயிரின் மேல் ஊற்றினால் பாதி வீண். குளிப்பாட்டுவதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். உள்ளே இருக்கும் தாளைப் பாருங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் காயும்வரை நாயைத் தொடவிடாதீர்கள்.

ஊசி: மாக்சிடெக்டினை மெதுவாக வெளிவிடும் ஊசி. ஆறு மாதம் தாங்குவது ஒன்று, ஒரு வருடம் தாங்குவது இன்னொன்று. தேதியை மறக்கும் குடும்பங்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் எல்லா இடத்திலும் கிடைக்காது, மருத்துவமனையில்தான் போட முடியும், ஒரு வருட ஊசியைக் குட்டிகளுக்குப் போட மாட்டார்கள்.

மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: வலிப்பு வந்த வரலாறு (அஃபாக்சோலனர், சரோலனர் வகை உண்ணி மருந்து சேர்ந்த மாத்திரைகளுக்கு இது முக்கியம்), கர்ப்பம் அல்லது பாலூட்டல், இப்போது கொடுக்கும் மற்ற மருந்துகள்.

5. எடை பாருங்கள், செலவு அதிலிருந்துதான் வருகிறது

மருந்து எடைப் பிரிவின்படி விற்கப்படுகிறது. ஒரு பிரிவின் எல்லையில் இருக்கும் நாய்க்கு அரைக் கிலோ கூடினாலும் அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும், விலையும் ஏறும். அதனால் குத்துமதிப்பாகச் சொல்லாமல் எடைக்கருவியில் நிறுத்துங்கள். வீட்டிலேயே நிறுப்பதென்றால் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, நீங்கள் மட்டும் ஒருமுறை நின்று கழித்துக்கொள்ளலாம். வளரும் குட்டிக்கு ஆறு மாத மருந்தை மொத்தமாக வாங்காதீர்கள். இரண்டு மாதத்தில் அடுத்த பிரிவுக்குத் தாவிவிடும்.

பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கி இரண்டு சின்ன நாய்களுக்குப் பிட்டுக் கொடுப்பது பலர் செய்யும் சிக்கனம். மென்று தின்னும் மாத்திரைக்குள் மருந்து ஒரே சீராகப் பரவியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு நாய்க்குக் குறைந்தும் இன்னொன்றுக்குக் கூடியும் போகலாம். வேண்டாம்.

செலவைக் குறைக்க நியாயமான வழி உண்டு. உண்ணி, குடற்புழு, இதயப்புழு மூன்றுக்கும் தனித்தனியாக வாங்குவதன் மொத்தத்தைக் கூட்டுமருந்து ஒன்றின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டுமருந்து எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது. உண்ணி வராத வீட்டு நாய்க்கு ஐவர்மெக்டின் மட்டும் உள்ள எளிய மாத்திரை பெரும்பாலும் குறைவாகவே முடியும். ஆண்டுச் செலவில் பரிசோதனையையும் மருத்துவர் கட்டணத்தையும் சேர்க்க மறக்காதீர்கள். அப்படியெல்லாம் கூட்டினாலும், நோய் வந்தபின் ஆகும் சிகிச்சைச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

6. கொடுக்கும் நாள்

மாதத்தில் ஒரு தேதியை முடிவு செய்து கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். வீட்டில் ஒருவர் பொறுப்பு என்று தெளிவாக இருக்கட்டும். 'அவர் கொடுத்திருப்பார்' என்று இருவரும் நினைத்துவிடுவது சகஜம்.

மாத்திரையை விழுங்கும்வரை கூடவே நில்லுங்கள். சில நாய்கள் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நீங்கள் திரும்பியதும் சோபாவுக்கு அடியில் துப்பும். அடுத்த இரண்டு மணி நேரம் வாந்தி எடுக்கிறதா என்று பாருங்கள். எடுத்தால் மருத்துவரைக் கேட்டு மறுபடி கொடுங்கள். மீதி மாத்திரைகளை நாய்க்கு எட்டாத உயரத்தில், பெட்டியோடு வையுங்கள். சுவையூட்டிய மருந்து என்பதால் கிடைத்தால் முழுப் பெட்டியையும் தின்றுவிடும்.

7. தேதி தவறிவிட்டால்

சில நாட்கள் தாமதம் என்றால் நினைவு வந்த அன்றே கொடுங்கள். அன்றிலிருந்து புதிய 30 நாள் கணக்கு. தாமதத்தைச் சரிக்கட்ட இரண்டு மாத்திரை கொடுப்பது கூடாது, அதனால் பயனும் இல்லை.

கொடுக்க வேண்டிய தேதியைத் தாண்டி ஒரு மாதத்துக்கும் மேல் இடைவெளி விழுந்திருந்தால் மருத்துவரிடம் தேதிகளைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றே பரிசோதித்துவிட்டு உடனே மருந்தைத் தொடரச் சொல்வார். அந்த இடைவெளியில் எது நுழைந்தது என்பது ஆறேழு மாதம் கழித்துத்தான் தெரியும், அதனால் மறு பரிசோதனைக்கு அப்போதே தேதி குறித்துக்கொள்ளுங்கள். அன்று வந்த 'இல்லை' என்ற முடிவைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

குளிர்காலத்தில் நிறுத்தலாமா? வெப்பநிலை ஏறக்குறைய 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கொசுவுக்குள் புழு வளராது. அப்படிப்பட்ட இடங்களில் பருவத்துக்கு மட்டும் கொடுக்கும் வழக்கம் உண்டு. அப்போதும் கொசு மறைந்தபின் ஒரு வேளை கட்டாயம், ஏனென்றால் கடைசி மாதக் கடிகளைத் துடைப்பது அதுதான். ஆண்டு முழுவதும் வெப்பமான இடத்தில் இந்தக் கேள்வியே எழாது; பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும். கொசு இல்லாத இடத்திலிருந்து கொசு உள்ள இடத்துக்கு நாயோடு போனால், போய்ச் சேர்ந்த 30 நாட்களுக்குள் முதல் வேளை, திரும்பி வந்தபின் இன்னொரு வேளை.

8. காகிதங்கள்

தடுப்பூசி அட்டையில் இதயப்புழுவுக்குத் தனிப் பக்கம் இருக்காது. கடைசிப் பக்கத்தில் நீங்களே கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, மருந்தின் முழுப் பெயர், மூலப்பொருள், அன்றைய எடை, தொகுதி எண், காலாவதி. பெட்டியில் கிழித்து ஒட்டும் சீட்டு இருந்தால் இன்னும் நல்லது.

பரிசோதனை முடிவை வாய்மொழியாக மட்டும் வாங்காதீர்கள். தேதி, பரிசோதனையின் வகை, முடிவு, மருத்துவரின் கையொப்பம் ஆகியவை ஒரு தாளில் இருக்கட்டும். ஊர் மாறும்போது புது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். சில நாடுகளுக்கு நாயைக் கொண்டுபோகவும் இந்தத் தாள் தேவைப்படும்.

ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள். தங்கள் மருந்தை விடாமல் கொடுத்தும் நோய் வந்தால் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டத்தைச் சில நிறுவனங்கள் சில நாடுகளில் வைத்திருக்கின்றன. மருத்துவமனை வழியாக வாங்கிய ரசீது, விடுபடாத தேதிகள், ஆண்டுப் பரிசோதனை என மூன்றும் இருந்தால்தான் அதை எதிர்பார்க்க முடியும்.

9. ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை, விடாமல் கொடுத்தாலும்

"தவறாமல் கொடுக்கிறேனே, பரிசோதனை எதற்கு?" என்று எல்லோரும் கேட்பார்கள். துப்பிய மாத்திரை, எடை கூடியது தெரியாமல் கொடுத்த பழைய அளவு, வெயிலில் கிடந்த போலிச் சரக்கு என்று நமக்குத் தெரியாமல் நடப்பவை இருக்கின்றன. மருந்துக்கு அடங்காத புழுக்களும் உண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றையொட்டிய பகுதிகளில் இது உறுதியாகியிருக்கிறது.

கொசுவைப் பற்றி ஒரே வார்த்தை: வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள், நாயின் தண்ணீர்ப் பாத்திரம் உட்பட. மனிதர்கள் பூசும் டீட் கலந்த கொசு மருந்தை நாய்க்குப் பூசாதீர்கள். பெர்மெத்ரின் உள்ள சொட்டு மருந்து நாய்களிடமிருந்து கொசுவை விரட்டும், ஆனால் பூனைக்கு அது விஷம். இரண்டும் வளரும் வீட்டில் யோசித்துச் செய்யுங்கள்.

10. 'இருக்கிறது' என்று முடிவு வந்தால்

முதலில் இரண்டாவது பரிசோதனையால் உறுதி செய்யச் சொல்லுங்கள். உறுதியானால் மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் இதய ஸ்கேன். இருமல், சீக்கிரம் களைத்துப்போவது, எடை குறைவது, வயிறு உப்புவது ஆகியவை நோய் முற்றியதன் அடையாளங்கள். தொடக்கத்தில் எதுவுமே தெரியாமல் இருப்பதும் உண்டு.

சிகிச்சை ஒரே ஊசியில் முடிவதில்லை. வழக்கமான திட்டத்தில் முதலில் 28 நாள் டாக்சிசைக்ளின் கொடுத்து, புழுவுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரை அடக்குவார்கள். மாதாந்திரத் தடுப்பு மருந்தும் மருத்துவர் சொல்லும் முறையில் நடக்கும். பிறகு முதிர்புழுக்களைக் கொல்ல மெலார்சோமைன் ஊசி மூன்று: 60ஆம் நாள், 90ஆம் நாள், 91ஆம் நாள். இந்த ஊசி எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது மாக்சிடெக்டினும் டாக்சிசைக்ளினும் சேர்ந்த மாற்று முறையை மருத்துவர் சொல்லக்கூடும். அதற்குக் காலம் அதிகம் பிடிக்கும், அதுவரை புழுக்கள் தமனிகளைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

இதில் உங்கள் பங்கு ஓய்வு. நோய் தெரிந்த நாள் முதல் கடைசி ஊசிக்குப் பின் ஆறிலிருந்து எட்டு வாரம் வரை ஓட்டம், துள்ளல், படியேற்றம் கிடையாது. செத்த புழுக்களின் துண்டுகள் நுரையீரல் ரத்தக்குழாய்களை அடைக்கும். நாய் ஓடினால் ஆபத்து கூடும். வாரோடு பிடித்து வெளிக்குக் கூட்டிப் போய் உடனே திரும்ப வேண்டும். இளம் நாயை மாதக்கணக்கில் இப்படி அடக்கி வைப்பது ஊசியைவிடக் கடினம். கூண்டு, கயிறு, யார் எப்போது பார்த்துக்கொள்வது என்பதை முதல் ஊசிக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். கடைசி ஊசிக்கு ஒன்பது மாதம் கழித்து ஆன்டிஜென் பரிசோதனை. அதில் 'இல்லை' என்று வந்தால் சிகிச்சை முடிந்தது. மாதாந்திர மருந்து மட்டும் தொடரும்.